தேங்காய் பன்னும் என் ராஜினாமாவும்

எர்ணாவூர்,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மருமகனும் எங்கள் சபையின் போதகருமாகிய அன்புமணி அவர்களுக்கு, மாமனார் தேவப்பிரியம் எழுதிக்கொண்டது. ஸ்தோத்திரம். லாரிப் புழுதியைத் தவிர இங்கே ஒரு குறையுமில்லை. மகள் ரேகாவின் முதுகுவலி குறைந்ததா? இரண்டு தெரு தள்ளி இருக்கிற உங்களுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நேரில் சொன்னால் சிரிப்பீர்கள், அதனால்தான்.

ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகள் வகுப்பை இன்றோடு விட்டுவிடுகிறேன். தயவுசெய்து வேறு ஆளைப் பாருங்கள்.

எல்லாம் உங்களால் வந்தது. "மாமா, பிள்ளைங்களுக்குக் கிருபைன்னா என்னன்னு எளிமையா சொல்லிக்குடுங்க" என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? தகுதியில்லாதவனுக்கும் தேவன் இலவசமாய்த் தருவதுதான் கிருபை என்றேன். ஒன்பது பிள்ளைகளும் கொட்டாவி விட்டார்கள். சரி, செய்தே காட்டிவிடலாம் என்று துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய இந்த மூளை யோசித்தது. வாராவாரம் வசனம் ஒப்பிக்கிற பிள்ளைக்குத்தானே தேங்காய் பன்? அன்று எட்டுப் பேர் ஒப்பித்தார்கள். மதி என்கிற ஆறு வயசு வாலு மட்டும் வழக்கம்போல் திருதிருவென்று முழித்தாள். அவளுக்கும் ஒரு பன் கொடுத்து, "இதுதாம்மா கிருபை" என்றேன். உடம்பெல்லாம் புல்லரித்தது, எனக்கு மட்டும். "இன்னா சார், அநியாயமா கீது! நாங்க ஒரு வாரமா நெட்டுரு போட்டோம்" என்று தீனா கத்தினான்.

அடுத்த ஞாயிறு ஒருத்தருக்கும் வசனம் தெரியவில்லை. ஒன்பது கைகள் நீண்டன. "கிருபை குடு சார்!" தீனாவின் அம்மா அன்புக்கரசி என்னை வாசலிலேயே மடக்கினாள். "இன்னா பெர்சு, ஒழுங்கா படிச்சிகினு இருந்த புள்ளய இப்டி கெடுத்து வச்சிகீற? ஸ்கூல்ல டீச்சராண்ட போயி மார்க்கு கிருபையா குடுங்கன்னு கேட்டுகீதே!" கோபம் வந்துவிட்டது. வசனம் சொல்லாதவருக்கு இனிமேல் பன் கிடையாது, அது நானாகவே இருந்தாலும் சரி என்று சட்டம் போட்டேன். அந்தக் கடைசி வார்த்தையைச் சேர்க்கச் சொல்லி என்னை யார் கேட்டார்கள், மாப்பிள்ளை?

மீதியை நீங்களே பார்த்தீர்கள். நேற்று முன்தினம் சபை முழுக்க உட்கார்ந்திருக்க, பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக நானே முதலில் வசனம் சொல்கிறேன் என்று மைக்கைப் பிடித்தேன். பாதியில் நின்றுபோனேன். மேலே ஃபேன் ஓடுது, கீழே நான் நிக்கிறேன், வாய் மட்டும் திறந்திருக்கு. பெண்கள் பக்கம் முந்தானைகள் வாய்க்குப் போயின. நீங்களும் வேதாகமத்தை முகத்துக்கு நேரே தூக்கினீர்கள். அது ஜெபிக்க அல்ல என்று எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டி ஒரு பெட்டியைக் கீழே விட்டதில்லை நான். அவமானத்தோடு இறங்கப் பார்த்தேன். அதற்குள் மதி ஒரு பன்னைத் தூக்கிக்கொண்டு மேடையேறிவிட்டாள்.

"புடி சார்."

"வேணாம்மா. சாருக்கு வசனம் வரல."

"அதான் சார் குடுக்குறோம். நீதான சொல்லிக்குடுத்த?"

பிள்ளைகள் எல்லாரும் கைதட்டினார்கள். பன்னைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடிவந்தேன். உழைக்காமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லை எனக்கு. இதை வாங்கிக்கொள்ள முடியவில்லை, மாப்பிள்ளை. வாங்கவே தெரியாத ஆசாமி அந்தப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? பன்னையும் காகிதத்தில் சுற்றி இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

ஆண்டவர் உங்கள் ஊழியத்தையும் ரேகாவின் முதுகையும் ஒருசேர நிமிர்த்துவாராக.

இப்படிக்கு,
முன்னாள் ஞாயிறு பள்ளி ஆசிரியர்
தேவப்பிரியம்

பி.கு.: பன்னைச் சுற்றக் காகிதம் தேடிக்கொண்டிருந்தபோது மதி வந்து கதவைத் தட்டினாள். "வர்ற ஞாயித்துக்கெழம வருவல்ல சார்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், மேடையில் நான் மறந்துபோன அந்த வசனத்தை ஓர் எழுத்து பிசகாமல் ஒப்பித்தாள். பன்னுக்காகவா கத்துக்கிட்டே என்று கேட்டேன். "பன்னு நீ எப்டியும் குடுப்ப சார். நீ மறந்துட்டா பின்னால நின்னு எடுத்துக் குடுக்கலாம்னுதான்" என்றாள். அழுதுவிட்டேன், மாப்பிள்ளை. பன் ரெண்டு நாள் பழசு, கொஞ்சம் கல்லுதான். பிய்த்து ரெண்டு பேரும் தின்றுவிட்டோம். ஆகவே இத்துடன் பன் இருக்காது. ராஜினாமாவைக் கிழித்துப் போடுங்கள். இந்த ஞாயிறு ஒன்பது வேண்டாம், பத்துப் பன்னாகச் சொல்லிவையுங்கள். எனக்கு வசனம் இன்னும் பாதிதான் வருகிறது.