ரொபின்சனின் வான் பேசிய வரலாறு

மன்னார்த் தீவின் வரலாற்றை இனிமேல் இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும். ரொபின்சனின் வான் அவருடைய கைத்தொலைபேசியோடு பேசத் தொடங்குவதற்கு முன்னைய இருண்ட காலம் ஒன்று. பின்னைய ஒளிமயமான காலம் மற்றது. வெள்ளைக்காரர் வந்ததும் போனதும் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

இருண்ட காலத்தில், பேசாலையில் வாடகை வான் ஓடும் ரொபின்சன், வான் லேசாக இருமினாலும் மன்னார்ப் பட்டினத்துக்கு ஓடி, அஸாமின் கராஜ் வாசலில் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. அஸாம் பொனற்றைத் திறப்பார், காதைக் கொடுப்பார், தேத்தண்ணி குடிப்பார், பிறகு ஏதாவது சொல்வார். எஞ்சினைக் காதால் பார்க்கும் இந்தக் காட்டுமிராண்டித்தனம் ரொபின்சனுக்கு அடியோடு பிடிக்கவில்லை. அவருடைய மனத்தை அறிந்தாற்போல முகநூலில் ஒரு விளம்பரம் வந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு நீலப் பெட்டி. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் போதும். வாகனத்தின் உள்நோய் எல்லாம் வயரே இல்லாமல் தொலைபேசித் திரைக்கு வந்துவிடும். மெக்கானிக் தேவையில்லை. விலையும் மலிவு.

அதே விளம்பரம் வேலிக்கு அந்தப் பக்கமும் போயிருந்தது. அங்கே இருப்பவர் சந்தியோகு. ரொபின்சனின் மனைவி மெற்றில்டாவின் சொந்த அண்ணன். அவருக்கும் ஒரு வாடகை வான். மச்சான்மார் இருவருக்கும் ஐந்து வருடமாகப் பேச்சு இல்லை. ஊரில் திரிகிற கழுதை ஒன்று வேலியில் இருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் தலையை விட்டு ரொபின்சனின் கத்தரிக் கன்றுகளைத் தின்றதும், அந்தப் பொட்டை அடைக்க வேண்டியவர் யார் என்பதில் 'கருத்து வேறுபாடு' தோன்றியதும் காரணம். கழுதை அன்று பின்னேரமே எல்லாவற்றையும் மறந்துவிட்டது. மனிதருக்கு மானம் உண்டு.

கூரியர்காரன் இரண்டு பொதியையும் ஒரே நாளில் கொண்டுவந்தான். வேலியின் இரண்டு பக்கமும் நின்ற இரண்டு வான்களிலும் இரண்டு நீலப் பெட்டிகள் ஒரே நேரத்தில் செருகப்பட்டன. இந்த இடத்தில், கருவியைச் செய்தவர்களின் பரந்த மனத்தைப் பாராட்டாமல் போவது நன்றிகெட்ட செயல். எல்லாப் பெட்டிக்கும் அவர்கள் ஒரே பெயரைத்தான் வைத்திருந்தார்கள். இரகசிய எண்ணும் ஒன்றுதான்: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சாதி, சமயம், வேலி பாராத சமத்துவம். ஆகவே ரொபின்சனின் தொலைபேசி சந்தியோகுவின் வானைப் பிடித்தது. சந்தியோகுவின் தொலைபேசி ரொபின்சனின் வானைப் பிடித்தது. ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை கதைத்திருந்தால் விசயம் வெளிச்சத்துக்கு வந்திருக்கும்.

ரொபின்சனின் வான் நூல் பிடித்தாற்போல நேராக, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வான். தொலைபேசியோ அதில் ஏழு கோளாறுகளைக் கண்டுபிடித்தது. சுகமாக இருப்பதாக நம்பிக்கொண்டிருந்த வாகனத்துக்குள் ஏழு நோய். விஞ்ஞானம் என்றால் இதுதான் என்று அவர் உடம்பு சிலிர்த்தார். மெக்கானிக் தேவையில்லை என்று ஆன பிறகு, அவர் அஸாமின் கராஜுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் போக வேண்டி வந்தது.

"வாகனம் நல்லாத்தானே ஓடுது அண்ணன்," என்றார் அஸாம்.

"அது வெளியில. உள்ளுக்க அது படுற பாடு உமக்குத் தெரியுமோ? ரேடியேற்றரை மாத்தும்."

ரேடியேற்றர் மாறியது. இன்ஜெக்டர் மாறியது. திரையில் ஏழும் அப்படியே இருந்தன. இத்தனை வைத்தியத்துக்கும் மசியாத நோய் சாதாரண நோயல்ல என்று ரொபின்சன் பெருமைப்பட்டார். வீட்டை விட்டு வெளியே போனால் மட்டும் தொலைபேசி 'இணைப்பு இல்லை' என்று சொல்லும். அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. "வீட்டு விசயத்தை நடுரோட்டில கதைக்கிற வாகனம் இல்லை இது."

வேலிக்கு அந்தப் பக்கத்தில் நிலைமை இன்னும் மேன்மையானது. சந்தியோகுவின் வான் கரும்புகை தள்ளியது, ஏற்றத்தில் முனகியது, தண்ணீர் கொதித்தது. தொலைபேசியோ 'கோளாறு எதுவும் இல்லை' என்று காலைதோறும் அறிவித்தது. போதாததற்கு, டாஷ்போர்டில் எரிகிற மஞ்சள் விளக்கும் காலையில் தானாக அணைந்துவிடும். அந்த நேரத்தில்தான் வேலிக்கு இந்தப் பக்கம் ரொபின்சன் தன் திரையில் 'அழி' என்ற பொத்தானைப் பக்தியோடு அமத்துவார்; அழித்த ஏழும் பின்னேரமே திரும்பி வந்துவிடும். விளக்கு அணைந்தது அந்தோனியாரின் புதுமை என்று சந்தியோகு மெழுகுதிரி கொளுத்தினார்.

இப்படி இரு வீடும் விஞ்ஞானத்தில் திளைத்திருந்த வேளையில் ரொபின்சனின் மகள் லக்சிகாவுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வங்காலையில்தான் தாலி என்று நின்றார்கள். குருவானவருக்கு அதே காலையில் வேறு ஊரில் ஒரு அடக்கப் பூசை. பெண் பிந்தினால் காத்திருக்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அன்று தவறினால் அடுத்தது தபசு காலம். அதில் கலியாணம் வைக்க மாட்டார்கள். ஆகவே பெண்ணை எந்த வானில் ஏற்றுவது என்பது வேலியோரத்தில் கூடிய உயர்மட்டக் கூட்டத்துக்கு விடப்பட்டது. இரு தரப்பும் தத்தம் பக்கத்தில் கதிரை போட்டு அமர்ந்தன. மெற்றில்டா பொட்டடியில் நின்றாள்.

"மெற்றில்டா, தாய்மாமன்தான் பொம்பிளையைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறது முறை எண்டு உன்ர மனுசனிட்டச் சொல்லு," என்றார் சந்தியோகு.

"முறை கிடக்கட்டும். வானுக்கு என்ன சான்று எண்டு கொண்ணரிட்டக் கேள்."

"அண்ணை, இவர் சான்று கேக்கிறார்."

"கேட்டுது. நான் செவிடில்லை எண்டு சொல்லு. இந்தா, ஃபோனைக் காட்டு."

இரண்டு தொலைபேசிகளும் மெற்றில்டாவின் கையில் சான்றாதாரங்களாக ஏந்தப்பட்டன. ஒன்றில் ஏழு கோளாறு. மற்றதில் ஒன்றுமில்லை. ரொபின்சனின் முகம் சுருங்கிப் போயிற்று. ஆனாலும் அவர் கொள்கை மனிதர்.

"பிள்ளை மாமாட வானில போகட்டும்," என்றார்.

"அப்பா, மாமாட வான் போற வழியெல்லாம் புகை," என்றாள் லக்சிகா. "எனக்கு உங்கட வான்தான் வேணும்."

"புகை கண்ணுக்குத் தெரியிறது பிள்ளை. கண்ணை நம்பின காலம் போட்டுது."

தீர்மானம் நிறைவேறியது.

கலியாணக் காலை, பெண்ணும் தாயும் ஏறிய சந்தியோகுவின் வான் முன்னால் போனது. ஏழு நோய் கண்ட ரொபின்சனின் வான் கேக்கையும் வாழைக்குலையையும் சுமந்துகொண்டு பின்னால் பக்குவமாக வந்தது. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியின் நடுவில், இரண்டு பக்கமும் கடல் தளும்ப, முன் வான் ஒருதரம் குலுங்கி நின்றது. பொனற்றுக்குள்ளிருந்து ஆவி சீறியது. ரொபின்சன் பின்னால் ஒட்டி நிறுத்தினார்.

சந்தியோகு இறங்கவில்லை. முதலில் தொலைபேசியைப் பார்த்தார். "ஒரு கோளாறும் இல்லை," என்று ஆவிக்குள்ளிருந்து அறிவித்தார்.

அதே நேரம் ரொபின்சனின் தொலைபேசி அலறியது: எஞ்சின் எல்லை மீறிக் கொதிக்கிறது, உடனே நிறுத்தவும். ரொபின்சன் பதறிப் பாய்ந்து இறங்கினார். தண்ணீர்க் கானைத் தூக்கினார். தன்னுடைய வானின் பொனற்றைத் திறந்து, குளிர்ந்து கிடந்த புது ரேடியேற்றரின் மேல் கான் முழுவதையும் ஊற்றினார்.

லக்சிகா வெள்ளைச் சாறியைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கி வந்தாள். "அப்பா, ஆவி வாறது மாமாட வானில."

"ஆவி அங்க வரலாம். வருத்தம் இஞ்ச."

"ஃபாதர் போகப் போறார் அப்பா."

அவள் குரல் உடைந்தது. அழுதால் முகப்பூச்சு கரையும் என்பதால் அழாமல், அந்தக் கோபத்தை எங்கே காட்டுவதென்று தெரியாமல், மாமாவின் ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டு நீலப் பெட்டியைப் பிடுங்கிக் கடலில் எறியக் கையை ஓங்கினாள். அந்தக் கணமே ரொபின்சனின் தொலைபேசி வாயை மூடியது. 'இணைப்பு இல்லை.'

ரொபின்சன் திரையைப் பார்த்தார். மகளின் கையைப் பார்த்தார். தன் வானுக்குள் அசையாமல் மினுங்கிக்கொண்டிருந்த மற்றப் பெட்டியைப் பார்த்தார். மெல்ல நடந்து போய் அதையும் கழற்றினார். இப்போது சந்தியோகுவின் தொலைபேசி வாயை மூடியது.

"மச்சான்," என்றார் ரொபின்சன். ஐந்து வருடத்தில் முதல் வார்த்தை. "உம்மட வானின்ர வருத்தத்துக்கெல்லாம் என்ர வானுக்கு மருந்து குடுத்திருக்கிறன்."

"அப்ப விளக்கை அணைச்சது அந்தோனியார் இல்லையோ?" என்றார் சந்தியோகு. அவருக்கு அதுதான் பெரிய இழப்பு.

லக்சிகா இருவருக்கும் காத்திருக்கவில்லை. வாழைக்குலைக்குப் பக்கத்தில் ஏறிக் குந்தினாள். புது ரேடியேற்றர், புது இன்ஜெக்டர் பூட்டிய அந்த வான் ரொபின்சனின் கையில் வங்காலைக்குப் பறந்தது. குருவானவர் தன் காரின் கதவைத் திறந்துகொண்டிருந்த போது பெண் வாசலில் இறங்கினாள். தாலி ஏறியது. கேக்கும் குலையும் அடைத்த வானில் இடமில்லாமல், பின்னால் லொறியொன்றில் தொற்றி வந்த தாயும் தாய்மாமனும் சாப்பாட்டுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். மச்சான்மார் இருவரும் கட்டிப் பிடித்ததைப் பார்த்து மெற்றில்டா உண்மையாகவே அழுதாள்.

மறுநாள் இருவரும் சேர்ந்து தவற்றைத் திருத்தினார்கள். அவரவர் தொலைபேசி அவரவர் வானோடு முறைப்படி இணைக்கப்பட்டது. சந்தியோகு தன் திரையில் ஏழு கோளாறுகளைக் கண்டார். "மலிவுச் சாமான் எண்டா இப்பிடித்தான் பொய் சொல்லும்," என்றார். ரொபின்சனின் திரையில் ஒன்றுமே இல்லை. தினமும் அவர் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். சோறு இறங்கவில்லை. கிழமை முடியமுன், இருவரும் வாய்விட்டுச் சொல்லாமலே, பழையபடி மாற்றி இணைத்துக்கொண்டார்கள். இப்போது காலைதோறும் வேலியோரத்தில் நின்று ஒருவர் வானின் குறைநிறையை மற்றவர் உரக்க வாசிக்கிறார். இரு வீட்டிலும் சந்தோசம் பொங்குகிறது.

செய்தி ஊரெல்லாம் பரவியது. இணைக்கிற எண் எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதும் சேர்ந்து பரவியது. இன்று பேசாலையில் அந்தச் செயலியை இறக்கி வைக்காத தொலைபேசி இல்லை. அந்தத் தொலைபேசிக்காரரில் முக்கால்வாசிப் பேரிடம் வாகனமே கிடையாது.