அக்காவின் கம்ப்யூட்டருக்கு நான் பார்த்த வைத்தியம்

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். எனக்கு வாய் திறந்துகொள்ளும். தெரியாத விஷயத்தைத் தெரிந்தவன் மாதிரி பேச ஆரம்பித்துவிடுவேன். பயம் எவ்வளவு பெரிதோ, பேச்சு அவ்வளவு தெளிவாக வரும். (மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடம் முடிந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. அதை விடுங்கள்.)

அக்கா இறந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. டெங்கிக் காய்ச்சல். என் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, வழியெல்லாம் நான் ஓட்டுவதைக் குறை சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனவள். ஐந்தாம் நாள் அவள் வீட்டுக்கு வந்த விதம் வேறு. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

காஜா பெராங்கில் எங்கள் வீட்டு முன்னறையில் அக்காவின் கம்ப்யூட்டர் இருந்தது. கல்யாண அட்டை, கோயில் நோட்டீஸ் எல்லாம் அதில்தான் அடித்துக் கொடுப்பாள். டிஜிட்டல் கேமரா புதிதாக வந்த காலம். எடுத்த படமெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் கிடந்தது. ஒன்றைக்கூடக் கழுவி வைக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போடப் பெரிய படம் வேண்டும். வெளியே இருந்தது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதில் அவள் முகம், யாரோ இப்போதுதான் அறைந்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

படம் இல்லாததால் அம்மாவுக்குப் பூ வைக்க இடமில்லாமல் போனது. விளக்கையும் சொம்புத் தண்ணீரையும் கம்ப்யூட்டர் மேசைமேலேயே வைத்தார். மேசையோரம் நின்ற பெட்டியைக் காட்டி, "எம்புள்ள இதுக்குள்ளதான இருக்கா" என்று சொல்லி, அதற்குத் தினம் ஒரு முழம் மல்லிகைச் சரம் சாத்தினார்.

அக்கா இறந்த நாலாம் நாள் மத்தியானம், படத்தை எடுக்கலாம் என்று சுவிட்சைப் போட்டேன். 'கர்ர்ர்' என்றது. பிறகு 'தக்'. கொஞ்சம் பொறுத்து, 'தக் தக்'. உள்ளேயிருந்து யாரோ விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி. எனக்கு முதுகு வேர்வை அப்படியே ஜில்லென்று ஆகிவிட்டது. நான் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை செய்பவன். சத்தம் போடுகிற இஞ்சினை ஓட்டக் கூடாது, ஓட்டினால் மொத்தமாகப் போய்விடும் என்பது எங்கள் சட்டம். உடனே அணைத்தேன்.

சமையலறையிலிருந்து அம்மா வந்தார். "யாருடா தட்டுனது?"

"யாரும் இல்லம்மா. பொட்டி."

அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னொரு தடவ போடு."

"வேணாம்மா."

"போடுன்னு சொல்றேன்ல."

போட்டேன். கர்ர்ர். அம்மா குனிந்து, "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்று கேட்டார். 'தக்' என்றது. அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் இரண்டு முழம் பூ. அதற்கடுத்த நாள் மூன்று முழம். தினமும் என்னைச் சுவிட்சைப் போடவைத்து அம்மா பேசுவார்; தட்டினதும் நான் அணைத்துவிடுவேன். பூ கூடக் கூடச் சத்தமும் கூடியது. சத்தம் கூடக் கூட அம்மா பூவைக் கூட்டினார். கிளேபாங்கிலிருந்து வந்த அத்தை முன்னறைப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். "கல்யாணம் ஆவாத பிள்ள அண்ணி, சும்மா போவாது" என்று பின்வாசலில் நின்றபடியே சொன்னார். புக்கிட் காதில் என்ற ஊரிலிருந்து வந்த சித்தப்பா, "பூசாரியக் கூப்புட்டுப் பார்த்துருவோம்லா" என்றார்.

எனக்கு இரண்டு பயம். அந்தச் சத்தம் அக்காவாக இருக்குமோ என்பது ஒன்று. அக்காவாக இல்லாமல், பெட்டி சாகிற சத்தமாக இருக்குமோ என்பது இன்னொன்று. பெட்டி செத்தால் படமும் போச்சு. இந்த இரண்டாவது பயம்தான் என்னைச் சாப்பிடவிடாமல் அடித்தது. பயம் முற்றியதும் வழக்கம்போல வாய் திறந்துகொண்டது.

"பேயும் இல்ல ஒன்னும் இல்ல சித்தப்பா. இது பேரிங்."

"கம்ப்யூட்டர்ல பேரிங் இருக்கா?"

"சுத்துற எல்லாத்துலயும் பேரிங் இருக்கும்." (அன்று நான் சொன்னதில் உண்மை இது ஒன்றுதான்.)

பட்டறையில் இஞ்சின் சத்தம் கேட்க ஒரு முறை உண்டு. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொள்ள வேண்டும். டாக்டர் நெஞ்சில் குழாய் வைக்கிற மாதிரிதான். அப்படியே செய்தேன். பெட்டியின் ஒவ்வொரு பக்கமும் வைத்துக் கேட்டு, தலையை ஆட்டி, "ம்ம்" என்றேன். எனக்குக் கேட்டது என் நெஞ்சு அடிக்கிற சத்தம் மட்டும்தான்.

மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். கை வரவில்லை. அம்மா சொன்ன மாதிரி உள்ளே ஏதாவது இருந்துவிட்டால்?

அதனால் மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பியைப் பட்டறையிலிருந்து கொண்டுவந்து, பெட்டிக்குப் பின்னால் தொங்கிய பூவைப் பக்தியோடு ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, அங்கே இருந்த ஓட்டைகள் வழியாக எண்ணெயைப் பீய்ச்சினேன். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே. (ஓடினால்தான் எண்ணெய் இறங்கும் என்று விளக்கம் வேறு சொன்னேன்.)

சத்தம் நின்றது. சித்தப்பா, "பார்த்தியா, கைத்தொழில் இருக்கணும்" என்று சொல்லி வாயை மூடவில்லை, 'படார்' என்று ஒரு வெடி. ஓட்டைகள் வழியாக வெள்ளைப் புகை வந்தது. கருகின மல்லிகை வாசம் வீடு முழுக்க அடித்தது. வீட்டு மின்சாரமே போய், தலைக்கு மேல் ஓடிய காற்றாடி நின்றது. மேசைமேல் விளக்கு மட்டும் எரிந்தது. அத்தை செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடிவிட்டார். பூசாரியைக் கூப்பிடச் சொன்ன சித்தப்பா நாற்காலிமேல் நின்றுகொண்டிருந்தார். எப்போது ஏறினார் என்று அவருக்கே தெரியாது.

அம்மா மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அக்காவை டெங்கி ஒரு தடவை கொன்றது. இரண்டாம் தடவை நான் எண்ணெய் ஊற்றிக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஆயர் குரோவில் ஒரு கம்ப்யூட்டர் கடை இருப்பதாகச் சித்தப்பா சொன்னார். காரின் பின்பெட்டியைத் திறந்தவரைப் பார்த்து அம்மா, "எம்புள்ளயப் பின்னால போடாத" என்றார். மடியில் வைத்து, இடுப்புவாரையும் சேர்த்து மாட்டிக்கொண்டு வந்தார். வழியில் யாரும் பேசவில்லை. நான்கூட.

கடையில் ஒரு சீனப் பையன், என் வயதுதான் இருக்கும். மூடியைக் கழற்றி, பின்னால் இருந்த காற்றாடிக்குள் இடுக்கியை விட்டு இழுத்தான். வந்தது. வந்துகொண்டே இருந்தது. எண்ணெயில் ஊறிக் கருகின மல்லிகைச் சரம். பெட்டிமேல் பூ நிற்காமல் வழுக்குகிறது என்று, அம்மா தினமும் சரத்தின் நுனியைப் பின்னால் இருந்த ஓட்டைகளில் சொருகிவிட்டிருக்கிறார். காற்றாடி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சுற்றிக்கொண்டு தட்டியிருக்கிறது.

"கம்ப்யூட்டருக்குக் கல்யாணமா?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தான். அக்கா இறந்துவிட்டாள் என்று நானும் மலாயில் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. பூவைக் குப்பையில் போடாமல் பேப்பரில் மடித்து அம்மா கையில் கொடுத்தான். பிறகு, இதில் எண்ணெய் ஊற்றியது யார் என்று கேட்டான். சித்தப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கரண்டு வருகிற பகுதிதான் எரிந்திருந்தது. படங்கள் இருந்த பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் நாளே நான் அணைக்காமல் இருந்திருந்தால் படத்தை எடுப்பது ஐந்து நிமிட வேலை. வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டித் திறந்து காட்டினான். பூனை. கல்யாண அட்டை. பக்கத்து வீட்டுக் குழந்தை. வாய் பிளந்து தூங்கும் நான். மறுபடியும் பூனை. படம் எடுத்தவள் அவள்தானே, அவள் எப்படிப் படத்தில் இருப்பாள்? கடைசியில் ஒன்று வந்தது. நான் எடுத்தது. பாதி நெற்றியை வெட்டியிருந்தேன். ஓரத்தில் என் விரல் பெரிதாக, மங்கலாக. நடுவில் அக்கா, வாயைத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டு.

பதினாறாம் நாள் அந்தப் படத்துக்குத்தான் மாலை விழுந்தது. அழ வந்தவர்கள் முதலில் விரலைப் பார்த்து முழித்து, விசாரித்து, எண்ணெய்க் கதையைக் கேட்டு, சிரித்துவிட்டுத்தான் அழுதார்கள். இப்போதும் யார் வந்தாலும் அக்கா அதில் என்ன சொல்கிறாள் என்று ஒரு விவாதம் நடக்கும். "வாங்க"ன்னு சொல்லுது என்பார் அத்தை. பாடுது என்பார் சித்தப்பா.

உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவள் சொன்னது, "எரும, வெரல எடுடா." ஒருநாள் அம்மா தனியாக என்னிடம் கேட்டார். மனசு வராமல், "உன்னத்தாம்மா கூப்புட்டா" என்றேன்.

அம்மா படத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பொய். என்னக் கூப்புடும்போது அவ வாய் இப்படித் தொறக்காது. உன்னத் திட்டும்போதுதான் தொறக்கும்."