மாமனார் திறந்த ஏழாம் போர்ட்

செத்தவர்கள் சாப்பிட வரும் இந்தப் பேய் மாதத்தில் மாமனார் ஊரான தைனானுக்குப் போவதில்லை என்று சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான். வாயால் எடுத்தால் என் மனைவி ஷூ-யுன் காதில் விழும்.

மாமனார் போ-ஷுங் இறந்து முதல் படையல். மூன்று நாள், நாலு மைத்துனிகள், ஒரே கழிப்பறை. நெட்வொர்க் எஞ்சினியரான எனக்குத் தப்பிக்க வழியா இல்லை? ஆபீசில் கழித்துக் கட்டிய ஸ்விட்ச் பெட்டிதான் எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட்டைப் பங்கு போடுகிறது. செருப்பு அலமாரியில் இருக்கிறது. அதன் தலையில் பச்சைப் பொட்டலச் சோளப் பொரி. அது இருந்தால் மெஷின் அடங்கி நடக்கும் என்பது தைவான் எஞ்சினியர்களின் நம்பிக்கை. தேதி முடிந்துவிட்டால் மெஷினுக்கு ரோஷம் வந்துவிடும். சிரிக்காதீர்கள், எங்கள் சர்வர் அறையில் மேனேஜரே தேதி பார்க்கிறார்.

காலையில் ரகசியமாக லேப்டாப் வழியே ஸ்விட்சுக்குள் நுழைந்து, வெளிக் கேபிள் சொருகியிருக்கும் ஏழாம் போர்ட்டை மட்டும் மூடினேன். வீட்டுக்குள் எல்லாம் ஓடும். வெளியுலகம் மட்டும் வராது.

"ஏங்க, நெட் வரல."

"ஐயையோ! பெரிய கோளாறா இருக்கும்போல. நீ போயிட்டு வா, நான் இருந்து பாக்கறேன்."

"பாருங்க, மூணு மணிக்குத்தானே ரயில்." ஃபோனோடு சமையலறைக்குப் போனாள்.

நடிப்புக்காக லேப்டாப்பை ஸ்விட்சில் கேபிளால் சொருகினேன். கறுப்புத் திரை. பாஸ்வேர்டு கேட்கும் இடத்துக்கு மேலே, நான் எழுதாத ஒரு வரி.

'அரைவேக்காட்டு எஞ்சினியரே, சாப்பிட்டாச்சா?'

என்னை அப்படிக் கூப்பிட்டவர் மாமனார் ஒருத்தர்தான். பாஸ்வேர்டு அடித்தேன். உள்ளே போனேன். வழக்கமாக 'வீடு' என்று பெயர் காட்டிக் கட்டளைக்குக் காத்திருக்கும் வரியில் இப்போது 'போ-ஷுங்' என்று இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கேள்விக்குறியைத் தட்டினேன். இருக்கிற கட்டளையெல்லாம் வரிசையாக வந்தது. பேய் ஓட்டும் கட்டளை அதில் இல்லை. பட்டியலுக்குக் குறுக்கே ஒரு செய்தி விழுந்தது: ஏழாம் போர்ட் திறந்தது.

சத்தியமாக நான் திறக்கவில்லை! மூடினேன். திறந்தது. மறுபடி மூடினேன். மறுபடி திறந்தது.

"ஷூ-யுன்!"

"என்னங்க? வெங்காயத்தாள் நறுக்கறேன்."

திரையில் இன்னொரு வரி. 'எனக்குப் பசிக்கிறது, மாப்பிள்ளை.'

ஓடிவிடலாம் என்று 'எக்ஸிட்' அடித்தேன். பாழாய்ப்போன பெட்டி ஒரு படிதான் இறங்கியது. இன்னும் உள்ளேதான் இருந்தேன், அவரோடு. பயத்தோடு வெட்கமும் வந்தது. செத்த மனுஷனின் சோற்றிலா கை வைத்தேன்? சட்டென்று பொட்டலத்தை எடுத்துத் தேதி பார்த்தேன். முடிந்து பத்து மாதம்!

"கெளம்பு! நானும் வரேன்!"

"நெட்டு?"

"நெட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம், வாடி!"

ரயில் தைச்சுங் ஊரைத் தாண்டும்வரை நான் ஃபோனைக்கூடத் தொடவில்லை. ஷூ-யுன் பையிலிருந்து ஒரு பச்சைப் பொட்டலத்தைக் கிழித்து நீட்டினாள்.

"எடுத்துக்கங்க. மொறுமொறுன்னு இருக்கு."

திருப்பிப் பார்த்தேன். அடுத்த வருஷம் வரை தேதி. பின்பக்கம், என் கையெழுத்தில், ஸ்விட்ச் பாஸ்வேர்டு.

"இதுக்குப் பதிலா வைக்கத் தேதி போனதுதாங்க எந்தக் கடையிலயும் கெடைக்கல," என்றாள். "உங்க மேனேஜர்தான் தேடி எடுத்துக் குடுத்தாரு, ஃபோன்ல என்ன தட்டணும்னும் சொல்லிக் குடுத்தாரு. மூணு நாள் லீவும் அவரே போட்டுட்டாரு."