உரிய அலுவலர்

"உரிய அலுவலர் இல்லைங்க மேடம்" என்றார் மூன்றாம் கவுண்டர் எழுத்தர். சொல்லிவிட்டு எழுந்து நின்றார். பதினேழு நாளைக்கு முன்புவரை மேலதிகாரியாக இருந்தவரிடம் உட்கார்ந்தபடி 'இல்லை' சொல்ல அவருக்கு இன்னும் பழகவில்லை.

"எப்ப வருவார்?"

"வரமாட்டாங்க மேடம்."

"ஏன்?"

"அது நீங்கதானே."

கவுண்டருக்கு வெளியே நின்றவரை ஆணையத்தில் முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் காற்புள்ளி என்பார்கள். வக்கீலாக இருந்த ஒன்பது வருடத்தில், ஒப்பந்தத்தில் விட்டுப்போன ஒரு காற்புள்ளியை மட்டுமே பிடித்துக்கொண்டு ஒரு பெரிய வழக்கை ஜெயித்தவர். பிறகு நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையத்தில் பதினோரு வருடம் விதி எழுதினார். வரும் திங்கட்கிழமை முதல் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தலைமை நிர்வாகி. இதுவரை குட்டிய கை, இனிமேல் குட்டு வாங்கப் போகும் தலை.

ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி. ஆணையத்தை விட்டுப் போகிறவர் தனியார் நிறுவனத்தில் சேர வேண்டுமானால், உரிய அலுவலர் கையெழுத்திட்ட தடையின்மைச் சான்று வேண்டும். இன்று வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் அது இயக்குநர் குழுவின் கைக்குப் போகாவிட்டால், நாற்காலி அங்கே இருக்கும் விற்பனைத் தலைவருக்கு. விண்ணப்பத்தில் 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற கட்டத்தில் வாடிக்கையாளருக்குப் பதிலாகத் தானே டிக் அடித்துக் கொடுக்கும் உபகாரி அவர். இருபது வருடம் அடுத்தவர் செய்ததில் தப்புக் கண்டுபிடித்தாயிற்று, ஒரு தடவையாவது தானே ஒன்றைச் சரியாகச் செய்து காட்ட வேண்டும் என்பது காற்புள்ளியின் ஆசை. அந்த டிக்கிலிருந்துதான் தொடங்குவதாக இருந்தார்.

"உரிய அலுவலர்னா யாருன்னு விதியில என்ன இருக்கு?" என்றார், தெரிந்துகொண்டே.

எழுத்தர் புத்தகத்தைப் பார்க்காமல் ஒப்பித்தார். "கோப்பு எந்தப் பிரிவைச் சேர்ந்ததோ, அந்தப் பிரிவின் தலைவர். நீங்க எழுதினது மேடம். கோப்பு நம்ம பிரிவு. தலைவர் நீங்க. நீங்க போயிட்டீங்க."

"என் இடத்துல வேற யாரையும் போடலையா?"

"போடணும்னா நீங்க பொறுப்பை ஒப்படைச்ச குறிப்பு வேணுமே. நீங்க ஒப்படைக்கலை."

"யார்கிட்ட ஒப்படைக்கிறது? ஆளே இல்லையே!"

"குறிப்பு வந்தாத்தானே மேடம் ஆளைப் போடுவாங்க."

கவுண்டர் மேஜையின் கண்ணாடிக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது. 'காகிதம் வராதவரை எதுவும் நடந்ததாக ஆகாது.' காற்புள்ளியின் சொந்தக் கையெழுத்து. எழுத்தர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எழுதிக் கொடுத்தது. பிள்ளை அதை இன்னும் போற்றி வைத்திருந்தது.

அப்போது கைநிறையக் கோப்புகளோடு தபால் அக்கா அந்தப் பக்கம் வந்தார். மாடிக்கு மாடி காகிதம் சுமக்கும் அவருக்கு முட்டி வலி உண்டு, வாய் வலி கிடையாது.

"வந்துட்டீங்களா மேடம்! ஒரு எட்டு மேல வந்துட்டுப் போங்களேன்."

"இப்ப நேரமில்லக்கா."

"அதில்ல மேடம், உங்க மேஜையில..."

"அப்புறம் வரேங்க்கா."

ஒப்படைப்புக் குறிப்புக்கான படிவத்தை வாங்கி அங்கேயே நிரப்பினார். பெயருக்குக் கீழே 'முன்னாள் பிரிவுத் தலைவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். எழுத்தர் தயங்கித் தயங்கிப் படிவத்தைத் திருப்பி வைத்தார்.

"முன்னாள்கிட்ட ஒப்படைக்கிறதுக்கு என்ன மேடம் இருக்கு?"

நியாயம்தான். 'முன்னாள்' என்பதை அடித்தார்.

"அடித்தல் திருத்தல் இருந்தா பக்கத்துல உரிய அலுவலர் சுருக்கொப்பம் போடணும் மேடம்."

காற்புள்ளி பேனாவை மூடினார். அந்த விதி பிறந்த தேதிகூட அவருக்கு ஞாபகம் இருந்தது. அன்று எல்லோருக்கும் கேக் வெட்டினார்கள்.

மணி இரண்டரை. காப்பீட்டு நிறுவனத்தின் செயலாளரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"நிறுவனமே விதிவிலக்கு கேட்டு ஒரு கடிதம் கொடுத்தா போதும். உடனே அனுப்புங்க."

"தாராளமா மேடம். ஆனா அதுல தலைமை நிர்வாகிதான் கையெழுத்துப் போடணும்."

"யார் அது?"

"நீங்கதான், திங்கட்கிழமையிலிருந்து. மூணு நாள்ல என்ன வந்துடப் போகுது, போட்டுடுங்க!"

இருபது வருடத்தில் யாராவது அவரிடம் 'என்ன வந்துடப் போகுது' என்று சொன்னால், என்ன வரும் என்று எழுத்து மூலமாகத் தெரிவித்துத்தான் பழக்கம். இன்று மணியைப் பார்த்தார். கடிதம் வந்ததும் கையெழுத்திட்டார்.

எழுத்தர் அதை இரண்டு தடவை படித்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"மேடம், சான்று இல்லாம பதவி ஏத்துக்கிட்டதா ஆயிடுச்சு. நான் உங்களுக்கு நோட்டீஸ் கொடுக்கணும்."

"எனக்கா?"

"மன்னிச்சுக்குங்க மேடம். கொடுக்கலைன்னா எனக்குக் கொடுப்பாங்க."

படிவத்தை எடுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி நிதானமாக எழுதினார். கொடுப்பதற்கு முன் ஒரு தடவை சரிபார்த்துத் தரும்படி நீட்டினார். பழக்க தோஷம். காற்புள்ளியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அதுவும் பழக்க தோஷம்.

"இந்த இடத்துல காற்புள்ளி வரணும். இல்லாட்டி 'அனுமதியின்றி' எதைக் குறிக்குதுன்னு வாதாடலாம். நானே இதை வெச்சு நோட்டீஸைச் செல்லாம ஆக்கிடுவேன்."

"போட்டுடட்டுமா மேடம்?"

"போடு."

போட்டார். நோட்டீஸுக்கு உயிர் வந்துவிட்டது. எந்த நீதிமன்றத்திலும் இனி அசைக்க முடியாது.

நகல் ஒன்று வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தபோது கைபேசி அடித்தது. பல் டாக்டரான கணவர். எதிராளி வாயைத் திறந்தே வைத்திருந்தாலும் பதில் சொல்ல முடியாத ஒரே தொழிலில் இருப்பவர். அதனால் வீட்டில் யாராவது பதில் சொன்னால் கொஞ்சம் திகைத்துப் போவார்.

"வேலை ஆச்சா?"

"இல்ல."

"எங்க நிக்குது? யார்கிட்ட பேசணும்னு சொல்லு, எனக்குத் தெரிஞ்சவங்களா இருந்தா நான் பேசறேன்."

"என்கிட்டதான் பேசணும்."

மறுமுனையில் பல் துளைக்கும் எந்திரம் நின்றது.

"அப்ப கஷ்டந்தான்" என்றார் கணவர்.

காற்புள்ளிக்குள் இருந்த வக்கீல் விழித்துக்கொண்டார். நோட்டீஸுக்கு மூன்று பக்கத்தில் பதில் எழுதினார். கையெழுத்திட்டது பதவியில் இருந்துகொண்டு அல்ல, பதவியை எதிர்பார்த்து, எதிர்பார்ப்பது குற்றமாகாது. பிரமாதமான வாதம். எழுத்தர் படித்து முடித்தபோது அவர் கண்களில் உண்மையான மரியாதை இருந்தது.

"யாராலயும் மறுக்க முடியாது மேடம். விசாரணை அதிகாரி ஒரே வரியில முடிச்சுடுவார்."

"யார் விசாரணை அதிகாரி?"

எழுத்தர் கண்ணாடிக்கு அடியில் இருந்த சீட்டில் காற்புள்ளியின் கையெழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"ஆணையத் தலைவரையே பார்க்கறேன்" என்றார் காற்புள்ளி. பதினோரு வருடத்தில் எந்த விதிக்கும் விலக்கு கேட்டு அவர் யார் கதவையும் தட்டியதில்லை.

"தலைவர் வெளியூர் மேடம். திங்கட்கிழமைதான் வர்றார்."

மணி நாலு முப்பத்தைந்து. செயலாளரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. விற்பனைத் தலைவர் புதுக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தாராம், இன்று வந்துவிட்டதாம்.

காற்புள்ளி பெஞ்சிலிருந்து எழுந்தார். தன் விதிகளில் எந்த ஓட்டையும் இல்லை என்று பல கூட்டங்களில் பெருமையாகச் சொல்லியிருந்தார். காலையிலிருந்து தேடிப் பார்த்தாயிற்று. அது உண்மைதான்.

படிக்கட்டில் தபால் அக்கா மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

"இப்பவாவது மேல வாங்க மேடம். மூஞ்சி இப்படிச் சோந்து கெடக்கு. உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிங்க."

இந்தத் தடவை காற்புள்ளி மறுக்கவில்லை. மூன்றாவது மாடியில் அவருடைய அறைக் கதவில் பெயர்ப் பலகை அப்படியே இருந்தது. நாற்காலி துடைத்து வைத்திருந்தது. பேனாக்கிண்ணத்தில் பென்சில்கள்கூடச் சீவித் தயாராக நின்றன.

"பலகையை இன்னும் எடுக்கலையாக்கா?"

"எடுக்கச் சொல்லி யாரும் எழுதித் தரலையே மேடம்."

"அதான் வழியனுப்பு விழாவெல்லாம் நடத்தினீங்களே. கடிகாரம்கூடக் கொடுத்தீங்க."

"விழா நடந்துச்சு மேடம். காகிதம் வரலையே."

அக்கா ஒரு டம்ளர் தண்ணீரை மேஜை மேல் வைத்தார். பக்கத்தில், பதினேழு நாளாகத் தட்டில் ஒற்றையாகக் கிடந்த ஒரு தாளை எடுத்து, தூசியை முந்தானையால் ஒற்றி, காற்புள்ளியின் முன்னால் பரப்பி, பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்தார்.

"காலையிலேருந்து இதத்தான் சொல்ல வந்தேன், உங்க ராஜினாமாக் கடுதாசி மேல தலைவர் 'உரிய அலுவலரின் கருத்துக்கு'ன்னு எழுதி உங்களுக்கே அனுப்பிட்டாரு, நீங்க கருத்து எழுதற வரைக்கும் லீவுன்னுதான் நான் ரெஜிஸ்டர்ல போட்டுக்கிட்டு வர்றேன் மேடம்."