ஒன்பதைக் குறைக்கப் போய் இருபது கேட்ட விவரம்

தியாகதுருகம்,
தை மாதம் 18ஆம் நாள், 2021.

தில்லி வரி மறுஆய்வு அலுவலகத்தில் பணிபுரியும் மதிப்பிற்குரிய அம்சவள்ளி அம்மையார் அவர்களின் சமூகத்திற்கு, காசி சலவைத்தூள் தயாரிப்பாளரும் சிறு சலவைத்தூள் உற்பத்தியாளர் சங்கத்தின் செயலாளருமாகிய ஆ. காசிநாதன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் என்னிடம் வேலை பார்க்கும் பதினோரு பெண்களும் மாவு கலக்கும் இயந்திரமும் நலம். அங்கு தங்கள் நலத்தையும், தங்கள் மேலதிகாரிகள் இன்னும் தீர்ப்பு எழுதவில்லை என்ற நல்ல சேதியையும் அறிய ஆவல். தில்லிக் குளிருக்கு இஞ்சி தட்டிப்போட்டுக் குடிக்கவும்.

சென்ற மாதம் காணொலியில் விசாரணை நடந்தபோது, நான் பேசியது அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. நீங்கள் ஒருவர்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தீர்கள். “நீங்க தியாகதுருகங்களா? எனக்குத் திருக்கோவிலூருங்க” என்று நடுவில் சொன்னீர்கள் பாருங்கள், அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இதை உங்கள் பெயருக்கே எழுதுகிறேன். என் சங்கத்தின் பெயரில் 412 கையெழுத்துகளோடு ஒரு மனு உங்களிடம் வந்திருக்கும். அது என் மனுதான், முத்திரையும் என்னுடையதுதான். ஆனால் அதில் இருப்பது என் கோரிக்கை இல்லை. அதைத் தயவுசெய்து யார் கண்ணிலும் படாமல் எடுத்து வைத்துவிடவும்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் கோப்புக்காகச் சொல்கிறேன். சலவைத்தூளில் பாதிக்குப் பாதி சோடா ஆஷ். அந்த வெள்ளை மாவை வெளிநாட்டில் ஓர் அரசாங்கம் தன் ஆலைகளுக்கு நிலம், கரி, கரண்டு எல்லாவற்றிலும் மானியம் கொடுத்து மலிவாகச் செய்யவைத்தது. அது கப்பலேறி, சென்னையில் இறங்கி, லாரியில் என் கொட்டகைக்கு வந்தது. யாரோ ஒரு தூரதேசத்து அரசாங்கம் கொடுத்த மானியத்தில் தியாகதுருகம் வட்டாரமே வேட்டி துவைத்துக்கொண்டிருந்தது. இதை இங்கே சோடா ஆஷ் தயாரிக்கும் பெரிய ஆலைக்காரர்கள் கண்டுபிடித்து உங்கள் அலுவலகத்தில் அழுதார்கள். அந்த மானியத்துக்குச் சரிக்குச் சரியாக வெளிநாட்டு மாவு மேல் நூற்றுக்கு ஒன்பது வரி போட்டீர்கள். ஐந்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். இப்போது கெடு முடிகிறது, நீட்டிக்கலாமா எடுத்துவிடலாமா என்று மறுஆய்வு செய்கிறீர்கள். எடுத்தால் பதினோரு பெண்களுக்கும் வேலை இருக்கும். ஒன்பதுக்கு மேல் ஒரு புள்ளி ஏறினாலும் நான் கொட்டகையைப் பூட்டிச் சாவியை மச்சினன் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். எனக்கு ஐம்பத்தேழு வயது, வேறு தொழில் தெரியாது, பயமாக இருக்கிறது.

விசாரணை முடிவில் நீங்கள்தான் சொன்னீர்கள், “தனியா ஒருத்தரா சொல்றதவிட கையெழுத்து வாங்கி அனுப்புங்க, பதிவுல நிக்கும்” என்று. சங்கத்தில் மொத்தம் ஏழு பேர். அதில் இருவர் காலமாகிவிட்டார்கள், ஒருவர் பினாயில் தயாரிக்கப் போய்விட்டார். அப்போதுதான் என் மனைவியின் தம்பி சின்னதுரை யோசனை சொன்னான். அவன் நூற்றுக்கு இருபது இட ஒதுக்கீடு கேட்கும் போராட்டத்தில் எங்கள் ஊர்ப் பொறுப்பாளன். “மாமா, நாளைக்கு கிராம நிர்வாக அலுவலகத்துல மனு குடுக்கற போராட்டம். நானூறு பேரு வராங்க, அத்தினி பேரும் பேனாவோட வராங்க. நீயும் ஒரு பேப்பர எடுத்துக்கினு வந்து நில்லு. வூடு வூடா அலையற வேல மிச்சம்” என்றான். எனக்கும் சரி என்றுதான் பட்டது. இந்த இடத்தில்தான் என் புத்தி கெட்டது.

‘ஒன்பது சதவீதத்தை அறவே நீக்க வேண்டும்’ என்று தெளிவாகத் தட்டச்சு செய்த மனுவோடு போய் நின்றேன். முதலில் வந்தவர் பேனா மூடியைத் திறந்துகொண்டே, “எத்தினி சதவீதம்?” என்றார். ஒன்பது என்றேன். “ஏத்தணுமா?” என்றார். இல்லைங்க, எடுத்துடணும், முடியலன்னா கொறைக்கவாவது செய்யணும் என்றேன். அவர் மூடியைத் திரும்பப் போட்டார். “இந்த வருஷத்துல போயி சதவீதத்தக் கொறைக்கச் சொல்லி மனு குடுக்கறியே, ஒன்ன அனுப்புனது யாரு?” என்று கேட்டார். நான் சோடா ஆஷ் என்றேன். அது யார் என்று பின்னால் இருந்தவர் கேட்டார். அதற்குள் என்னைச் சுற்றி முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். அம்மா, நான் பதில் சொல்லச் சொல்ல அவர்கள் முகம் மாறிக்கொண்டே போனது. சின்னதுரை ஓடிவந்து பெஞ்சின் மேல் ஏறி, “எங்க மாமாவும் இருவதுதான் கேக்கறாரு, தட்டச்சுல தப்பாயிடுச்சு” என்று அறிவித்தான். கைதட்டினார்கள். எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். போர்த்திய துண்டோடு, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே, நீக்க என்பதை அடித்து உயர்த்த என்றும், ஒன்பதை அடித்து இருபது என்றும் என் கையால் எழுதினேன். அதற்குப் பிறகு 412 கையெழுத்து விழ முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

கூத்து அதோடு முடியவில்லை. இருக்கிற இட ஒதுக்கீட்டுச் சதவீதத்தை யாரும் தொடக் கூடாது என்று மனு கொடுக்க வேறோர் அமைப்பினர் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தார்கள். நான் இருபது கேட்டது அவர்கள் காதுக்கும் போய், உள்ள ஒன்பது உள்ளபடியே தொடர வேண்டும் என்று என்னை எதிர்ப்பதற்காகவே ஒரு மனு தயாரித்து, 268 பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஆகக் கூடி, உயர்த்து என்று 412, தொடாதே என்று 268, எடு என்று சொல்ல நான் ஒருவன். உங்கள் முகவரி எதிர்ப்பக்கத்தாருக்குத் தெரியாததால், இரண்டையும் சின்னதுரையே அன்றைக்குக் கணினி மையத்தில் கொடுத்து உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, “வேல முடிஞ்சிது மாமா” என்று வந்து சொன்னான். உண்மையிலேயே முடிந்துவிட்டது என்று நினைத்து அன்று நான் சோறு தின்னவில்லை.

மறுநாள் கொட்டகையில் மூத்தவளான இருசம்மாள் கேட்டாள், “மொதலாளி, இருவது வந்துச்சின்னா நமக்கு இன்னா கெடைக்கும்?” கொட்டகை பூட்டப்படும் என்றேன். “அப்ப இன்னாத்துக்குக் கேட்டீங்க?” என்றாள். எல்லாரும் கேட்டார்கள், நானும் கேட்டேன் என்றேன். “நானுந்தான் போட்டேன், பதினேழாவது கையெழுத்து என்னுது” என்று சொல்லிவிட்டு மாவை அள்ளப் போய்விட்டாள்.

சரி, போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்கலாம் என்று வீடு வீடாகப் போனேன். கையெழுத்தை வாபஸ் வாங்கினால் கட்சி மாறிவிட்டான் என்பார்களாம், ஒருவரும் மசியவில்லை. அப்புறம், போராட்டத்துக்கு வராதவர்களாகப் பார்ப்போம் என்று கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறிக் கல்வராயன் மலைக்கே போனேன். வெள்ளிமலையில் டீக்கடை வைத்து என் தூளையும் விற்கிற ஆண்டாளிடம், சதவீதத்தைக் குறைக்கச் சொல்லும் மனு என்று நயமாகத்தான் ஆரம்பித்தேன். “ஏங்க, மலைக்காரங்க எங்களுக்கு ஒதுக்கீட்டுல மொத்தமே ஒரு சதவீதந்தான் குடுத்துகிறாங்க. அதுல எத்தக் கொறைக்கலாம்னு பஸ்ஸேறி வந்தீங்க?” என்றாள். டீக்குக் காசு வாங்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை. கடைசி பஸ்ஸில் இறங்கிவிட்டேன்.

இதற்கிடையில் உள்நாட்டு ஆலைகளின் வக்கீல் சென்னையிலிருந்து போன் செய்து, தன் தலையிலேயே வரியை ஏற்றச் சொல்லி நானூறு பேரைத் திரட்டிய தேசபக்தரை இப்போதுதான் பார்ப்பதாகச் சொல்லித் தழுதழுத்தார். இரண்டு கிலோ இனிப்பு வந்தது. ஆகவே அம்மா, அந்த இரண்டு மனுக்களையும் ஒதுக்கிவிட்டு, பதினோரு பெண்களின் பிழைப்பை மட்டும் மனதில் வைத்து, ஒன்பதை எடுத்துவிடும்படி மேலதிகாரிகளிடம் எடுத்துச் சொல்லவும். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நோய்நொடி இல்லாமல், பதவி உயர்வோடு, கூடிய சீக்கிரம் திருக்கோவிலூர்ப் பக்கமே மாற்றலாகி வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் உண்மையுள்ள,
ஆ. காசிநாதன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி வைத்து, தபாலில் சேர்ப்பதற்குள் ஒன்பது நாள் ஆகிவிட்டது. மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். உள்நாட்டு ஆலைக்காரர்கள் என் தேசபக்தியை மெச்சி, ஐந்து வருஷத்துக்கு நூற்றுக்கு இருபது தள்ளுபடியில் எனக்கு மட்டும் சோடா ஆஷ் தருவதாக எழுதிக் கொடுத்து, முதல் லாரியும் வந்து இறங்கிவிட்டது. ஆகவே 412 கையெழுத்துகளும் சரியானவையே, இருபதையே போடவும். ஒரே ஒரு சந்தேகம். சங்கராபுரத்தில் சலவைத்தூள் போடும் பூமாலை, நான் இப்போது விற்கும் விலையைப் பார்த்துவிட்டு, காசிநாதன் மானியம் வாங்குகிறான், அவன் தூள் மேல் நூற்றுக்கு இருபத்தைந்து வரி போட வேண்டும் என்று உங்களுக்கு மனு எழுதிக்கொண்டு எங்கள் ஊருக்கே வந்திருக்கிறார். அப்படிப் போட உங்கள் சட்டத்தில் இடம் உண்டா என்று தெரிவிக்கவும். இருபத்தைந்து என்றதும் முதல் கையெழுத்தைச் சின்னதுரை போட்டிருக்கிறான், இருசம்மாள் முதல் பதினோரு பெண்களும் வரிசையாகப் போட்டாயிற்று. தேர்தல் வேறு வருகிறது, ஊரில் நான் ஒருவன்தான் பாக்கி என்று சொல்கிறார்கள். நாளைக் காலையில் போய்ப் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.