காரணம் சொல்லாத டோக்கன்காரர்

‘இல்லை’ சொல்கிறவர்களில் பல ரகம் உண்டு. உயர்ந்த ரகம், காரணம் சொல்லாமல் ‘இல்லை’ சொல்கிறவர். இது அரசு அலுவலகச் சன்னல்களுக்குப் பின்னால் மட்டும்தான் விளையும் என்று நினைத்துவிடாதீர்கள். கணினி நிறுவனத்தின் ஏசி மூலையிலும் தளதளவென்று வளரும். எங்களிடம் ஒருவர் இருக்கிறார். டோக்கன்காரர். பெயர் நாங்கள் வைத்தது.

ஒரு செயலி, வேறொரு தளத்தில் இருக்கும் உங்கள் விவரங்களைத் தொட வேண்டுமென்றால் முதலில் டோக்கன் என்கிற நுழைவுச்சீட்டைக் கேட்க வேண்டும். கேட்பது யார், யார் அனுமதித்தார்கள், கையிலிருக்கும் தற்காலிகக் குறியீடு இன்னும் செல்லுமா என்றெல்லாம் துருவித் துருவிப் பார்த்து, டோக்கனைக் கொடுக்கவோ விரட்டவோ செய்கிற நிரலை எழுதியவர் இவர். விரட்டுவதற்கு அதில் எத்தனையோ காரணங்கள் உண்டு. வெளியே வரும் பதில் மட்டும் ஒன்றே ஒன்று: ‘கோரிக்கை ஏற்கப்படவில்லை.’

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், மருந்துக்கடை ஒன்றுக்குத் தளம் செய்திருந்தாள். மாலையில் மேலாளரிடம் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் வேலை நிரந்தரம், ஓடாவிட்டால் வீடு. வாடிக்கையாளர் விவரங்களை எடுக்கக் காலையிலிருந்து டோக்கன் கேட்டுக் கேட்டு விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

“அண்ணா, எதுல தப்புன்னு மட்டும் சொல்லுங்க.”

“சொன்னா ஹேக்கருக்கும் தெரிஞ்சிரும்மா.”

“நான் ஹேக்கர் இல்லண்ணா. உங்க பக்கத்து சீட்டு.”

“எல்லா ஹேக்கரும் யாருக்கோ பக்கத்து சீட்டுதான்.”

இதற்கு மேல் என்ன பேச?

மாலையில் மேலாளர் வந்து நின்றார். திரையில் அதே வாசகம். “தள்ளும்மா” என்று டோக்கன்காரர் நாற்காலியில் அமர்ந்து, தன் பொற்கரத்தால் தானே கோரிக்கையை அனுப்பினார். ஏற்கப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அனுப்பினார். கண்ணாடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தது.

“ஏன் வரல?” என்றார் மேலாளர்.

ஊருக்கு மறைத்த காரணத்தை மனிதர் தனக்கும் சேர்த்தே மறைத்திருந்தார்.

“சார், காரணம் நமக்கு மட்டும் தெரியிற மாதிரி உள்ள ஒரு வரி சேர்க்கவா?” என்றாள் அவள். மேலாளர் தலையாட்டினார். சேர்த்து மறுபடி அனுப்பினாள். வந்தது: ‘குறியீடு காலாவதி.’ குறியீடு கொடுக்கிற சர்வரின் கடிகாரம் பின்தங்கிக் கிடந்ததால், சரிபார்க்கிற சர்வரின் கண்ணுக்கு ஒவ்வொரு குறியீடும் பிறக்கும்போதே கிழடு. இரண்டு சர்வருக்கும் பொறுப்பு யார்? இவரேதான்.

கடிகாரத்தைத் திருத்தினார்கள். தளம் ஓடியது. அவள் வேலை நிரந்தரமானது.

“பாதுகாப்பு எவ்வளவு கெட்டியா இருக்கு பாத்தீங்களா சார்? என்னாலயே உள்ள போக முடியல” என்றார் டோக்கன்காரர்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தோழிகளோடு சுற்றுலா போகட்டுமா என்று உங்கள் மகள் கேட்டபோது, “கூடாதுன்னா கூடாது” என்றீர்களே, அதற்குக் காரணம் என்ன? அவளிடம் சொல்ல வேண்டாம், உங்களுக்காவது தெரியுமா? தெரியாதென்றால் ஒன்றும் கவலையில்லை, விண்ணப்பம் போடுங்கள். எங்கள் அலுவலகத்தின் ஏசி மூலையில் ஒரு நாற்காலி காலியாகப் போகிறது. ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள்.