உங்கள் தாத்தாவைப் பாம்பு கடித்த கதை

மீனா, அருண், உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் தாத்தாவை நான் ஒருமுறை கொன்றிருக்கிறேன். காலை பதினொன்றே முக்காலுக்கு, ஏசி அறையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. தாத்தா இதை எல்லோரிடமும் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறார். (போன தீபாவளிக்குச் சொன்னபோது பறை மேளமே வந்துவிட்டது. அப்படி எதுவும் வரவில்லை. வந்தது ஸ்ட்ரெச்சர் மட்டும்.) அதனால் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் இருந்துவிட்டு, பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமுக்கு வந்தேன். பழைய நோயாளிகளின் காகிதக் கட்டுகளைத் தேடி எடுத்துக் கொடுப்பது வேலை. ஒருநாள், இனிமேல் காகிதமே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர் என்றார்கள். அதற்கு ஆறு மாதப் பயிற்சி. பெயர் மருத்துவத் தகவலியல். சேர்ந்தவர்கள் எல்லோரும் டிகிரி படித்த பிள்ளைகள். அனுபவம் இருக்கிறதே என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பெயரை நாக்கு புரளாமல் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆனது. உங்கள் அம்மாவோ பக்கத்து வீட்டில், "டாக்டருக்கு அடுத்த படிப்பு" என்று சொல்லிவிட்டாள். நானும் மறுக்கவில்லை.

சொல்லிக் கொடுத்தவர் பாத்திமா மேடம். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். முதல் நாளே தெளிவாகச் சொன்னார். "அண்ணா, ரெண்டு ஸ்கிரீன் இருக்கு. மேல மஞ்சப் பட்டை இருந்தா பயிற்சி. என்ன வேணா போட்டு விளையாடுங்க. செவப்புப் பட்டை இருந்தா நெசம். நெசமான நோயாளி."

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனால் எஸ்டேட்டில் புது மெஷின் வந்தால், பொட்டு வைத்துப் பூப்போடாமல் யாரும் சுவிட்சைத் தொடமாட்டோம். அந்தப் பழக்கத்தில் என் புதுக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, தினமும் ஒரு முழம் சாமந்தியை மேல் விளிம்பில் தொங்கவிட்டேன்.

"ஸ்கிரீன் தெரியுதாண்ணா?" என்றார் மேடம்.

"பளிச்சுன்னு தெரியுது மேடம்."

தெரிந்தது. பட்டை மட்டும் பூவுக்குப் பின்னால் போய்விட்டது.

பயிற்சிக்குக் கற்பனை நோயாளிகளை நாமே உருவாக்க வேண்டும். எனக்குக் கற்பனை வராது. அதனால் வீட்டு ஆட்களின் பெயரையே போட்டேன். உங்கள் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை. மாணிக்கம் என்று என் மாமனார், அதாவது உங்கள் தாத்தா, பெயரில் ஒரு நோயாளியை உருவாக்கி, டைபாய்டு கொடுத்தேன், காலை உடைத்தேன், ஒருநாள் கை தவறிப் பிரசவ வார்டிலும் சேர்த்தேன்.

நிஜ மாமனாரின் கதை வேறு. இரண்டு கண்ணிலும் புரை. பஸ் நம்பர் தெரியாது. ஒருநாள் பைபாஸில் லாரிக்கு முன்னால் இறங்கப் போனவரை யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். ஆனாலும் ஆபரேஷன் என்றால் நடுக்கம். ஒருமுறை சளி என்றார், ஒருமுறை அமாவாசை என்றார். இதற்கு மேல் தள்ளினால் பார்வைக்கே மோசம் என்று டாக்டர் கடுமையாகச் சொன்ன பிறகு, அந்த வியாழக்கிழமை எங்கள் ஆஸ்பத்திரிக்கே கூட்டி வந்திருந்தோம். இன்று திரும்பிப் போனால் இந்த ஜென்மத்தில் மறுபடி வரமாட்டார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவரை மேல்மாடியில் உங்கள் அம்மாவோடு உட்கார வைத்து, நிஜத் திரையில் அட்மிஷன் போட்டேன். பிறகு பயிற்சி நேரம் வந்தது. திரையை மாற்ற மறந்தேன்.

அன்றைய பாடம், மரணத்தைப் பதிவு செய்வது.

'மாணிக்கம்' என்று தட்டினேன். வந்தார். நம் ஆள்தானே என்று நினைத்தேன். காரணம் கேட்டது. பட்டியலில் கையில் அகப்பட்டது பாம்புக்கடி. உறுதியா என்று கேட்டது. உறுதி என்றேன். மறுபடியும் கேட்டது. (எனக்கே கொஞ்சம் கோபம் வந்தது.) அழுத்தி ஒரு தட்டு தட்டிவிட்டு, வகுப்பிலேயே முதலில் முடித்தவன் என்ற பெருமையில் சுற்றிலும் பார்த்தேன்.

போன் அடித்தது. உங்கள் அம்மா.

"என்னங்க, எங்க அப்பா செத்துட்டாராம். ஆஸ்பத்திரிலேருந்து இரங்கல் மெசேஜ் வந்திருக்கு."

"நீ எங்கிருந்து பேசற?"

"அவரு பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்!"

பின்னாலிருந்து மாமனார் குரல். "யாருடி செத்தது?"

"நீதாம்பா."

நான் பூவைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பு. என் காதுக்குள் கொய்யென்று ஒரு சத்தம். மேடம் என் திரையைப் பார்த்தார். மேஜையிலிருந்து ஒரு ஃபாரத்தை உருவினார்.

"சாகடிக்க ஒரு பட்டன் போதும்ணா. உயிர் குடுக்க மூணு டாக்டர் கையெழுத்து வேணும். நான் ஃபாரத்தோட ஓடறேன். நீங்க மேல ஓடுங்க."

மாடிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் பிணவறை கோபால் ஸ்ட்ரெச்சரோடு வந்து நின்றிருந்தார். கையில் சீட்டு.

"பாம்பு கேஸு, மாணிக்கம். பாடி எங்கக்கீது?"

கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால், எதிரே யார் என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்த மாமனார் கையைத் தூக்கினார். "நான்தாம்பா மாணிக்கம். இன்னா வோணும்?"

கோபால் சீட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், இரண்டடி பின்னால் போனார். "பெர்சு, நீ இன்னும் போவலயா?"

நர்ஸ் என்னிடம் சொன்னார். "சார், சிஸ்டத்துல இவர் இல்ல. ஆபரேஷன் லிஸ்ட்லேருந்து பேரே போயிடுச்சு. இல்லாதவரை உள்ள எப்படி அனுப்புறது? ஒரு மணிக்கு டாக்டர் கெளம்பிடுவாரு."

இதைக் கேட்டதும் மாமனார் செருப்பைத் தேடி மாட்டினார். "செத்தவனுக்கு இன்னாத்துக்குக் கண்ணு? வாடி ஊட்டுக்குப் போவலாம்." சுவரைத் தடவிக்கொண்டு படி இறங்கத் தொடங்கிவிட்டார்.

நாலாவது படியில் மறித்தேன். "மாமா, தப்பு என்னுது. நான்தான் பட்டனைத் தட்டினேன்."

திட்டுவார் என்று பார்த்தேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, காலைலேருந்து உள்ள அதான் ஓடிக்கினு கீது. உள்ள போனா திரும்பி வரமாட்டேன்னு. நீ எழுதியே குட்த்துட்ட."

ஒவ்வொரு முறையும் அவர் தட்டிக் கழித்ததை வைத்து நாங்கள் எவ்வளவு கேலி செய்திருக்கிறோம்! ஒருவர்கூட எதற்குப் பயம் என்று கேட்டதில்லை. அன்று எனக்கு உண்மையான அதிர்ச்சி இதுதான். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மாமா, சாவுதான் நடந்து முடிஞ்சு போச்சே. இனிமே பயப்பட என்ன இருக்கு?"

மாமனார் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆமால்ல? தூக்கு மாப்ள."

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பாத்திமா மேடம் மூன்றாவது கையெழுத்தோடு மூச்சிரைக்க வந்தார். மாணிக்கம், வயது அறுபத்தெட்டு, உயிருடன் உள்ளார். கடைசி நோயாளியாக உள்ளே போனார்.

அந்தப் பாடத்தில் எனக்குப் பூஜ்ஜியம். அடுத்த குழுவோடு மறுபடி உட்கார்ந்து எழுதித்தான் தேறினேன். மேடம் இன்றும் ஒவ்வொரு புதுக் குழுவுக்கும் முதல் வகுப்பில் 'மாணிக்கம் கேஸ்' நடத்துகிறாராம். தாத்தா நம் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், "மாப்ள, இன்னிக்கு நான் உசுரோட கீறனா?" என்று கேட்பது ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அவர் சொல்லாத ஒன்று உண்டு. அவருக்கே தெரியாது. அன்று சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு, தனியாக உட்கார்ந்து அவருடைய பதிவைத் திறந்தேன். நிஜத் திரைதானா என்று மூன்று முறை பார்த்தேன். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். கட்டாயமில்லை என்பதால் யாரும் அதில் எதுவும் எழுதுவதில்லை. இன்னொரு கண்ணுக்கு ஆபரேஷன் பாக்கி இருந்தது. ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினேன்: 'இவர் பயப்படுவார். வெளியே சொல்லமாட்டார். கையைப் பிடித்து அழைத்துச் செல்லவும்.'